மறு: ‘ஜெட் இன் கிராஸ்ஃப்ளோ’ – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். துளையிலிருந்து வேகமாகக் கிளம்பும் பாய்வு (ஜெட், நம் தாரை), குறுக்கே ஓடும் காற்றிலோ நீரிலோ (கிராஸ்ஃப்ளோ, குறுக்கோட்டம்) மாட்டிக்கொள்வதுதான் ‘ஜெட் இன் கிராஸ்ஃப்ளோ’. இதற்கும் இதைச் சார்ந்தவற்றுக்கும் நீங்கள் சொன்ன தமிழ்ச்சொற்களுக்கு என் பதில் இது.

> குறுக்கோட்டத் தாரை என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் காதில் விழும்போது குறுக்கே ஓடுகிற தாரை என்றல்லவா விழுகிறது? இங்கே தாரை தன் பாட்டுக்கு நேராகக் கிளம்புகிறது. குறுக்கே வருவது காற்று. தூத்துக்குடி அனல்மின் நிலையப் புகைபோக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். புகை மேலே போகப் பார்க்கும், கடற்காற்று அதை வளைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அந்த வளைவு பெயரில் வர வேண்டும் என்பது என் கட்சி. ஆகவே, ‘குறுக்கோட்ட வளைதாரை’. தலைப்பில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டால், அப்புறம் வளைதாரை மட்டும் போதும்.

‘சாய்தாரை’ நல்ல சொல், ஆனால் இதற்கு வேண்டாம். டர்பைன் அலகுகளை (பிளேடுகளை) குளிர்விக்கக் காற்று வரும் துளைகளை 30 பாகை அளவில் சாய்த்தே போடுகிறார்கள். கிளம்பும்போதே சாய்ந்திருக்கும் அந்தத் தாரைக்கு அதை எடுத்து வைப்போம்.

> தாரையைவிடப் பீச்சு உயிருள்ள சொல்.

ஐயா, பால் பீச்சுவதும் பீச்சாங்குழலும் எனக்கும் பிடிக்கும். ஆனால் புகைபோக்கி புகையைப் பீச்சுகிறது என்று யார் சொல்வார்கள்? தவிர, வகுப்பில் சொன்னால் பின்வரிசை ஏன் சிரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஜெட் எஞ்சினுக்குத் தாரைப் பொறி ஏற்கெனவே புழங்குகிறது, தாரையே இருக்கட்டும். டர்புலன்ஸுக்குக் கொந்தளிப்பு என்பதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

அடுத்தது சுழிகள். வளைந்த தாரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சிறுநீரக வடிவில் இருக்கும். அதற்குள் இரண்டு சுழிகள், ஒன்று வலமாக, மற்றது இடமாக. ‘எதிர்ச்சுழற்சிச் சோடி’ என்று நீட்டி முழக்குவானேன்? ‘இரட்டைச் சுழி’ போதும். தலையில் ரெட்டைச் சுழி இருந்தால் ரெண்டு கல்யாணம் என்று பாட்டிமார் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். சுற்றியுள்ள காற்றை வாரி உள்ளே இழுத்துக் கலப்பதில் இந்தச் சுழிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

> தாரைக்குப் பின்னால் வருபவை உதிர்சுழி.

இதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. பாலத்தூணுக்குப் பின்னால் ஆற்றில் வருவது உதிர்சுழி, சரி. தாரை தூணல்ல. கால்டெக் எனும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் ஃப்ரிக்கும் ரோஷ்கோவும் புகை இழைகளை விட்டுப் பார்த்து 1994-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக்கிவிட்டார்கள்: அந்தச் சுழிகளைத் தாரை உதிர்ப்பதில்லை. தரையை ஒட்டி வரும் குறுக்கோட்டத்தின் எல்லைப் படலம் (தரை உராய்வால் வேகம் குறைந்த மெல்லிய அடுக்கு), தாரையைச் சுற்றிக்கொண்டு போகும்போது பின்பக்கத்தில் பிரிகிறது. அங்கிருந்து அவை செங்குத்தாக எழுந்து தாரையோடு சேர்கின்றன. உதிர்சுழி என்று பெயர் வைத்தால் பெயரே பொய் சொல்லும். ‘எழுசுழி’ என்கிறேன்.

கடைசியாக ஒன்று. வெளியேறும் புகையின் வேகம் காற்றின் வேகத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இல்லாவிட்டால், புகைபோக்கியின் முதுகுப்பக்கம் புகை கீழே இழுக்கப்படும். இந்த டவுன்வாஷுக்கு நான் ‘கீழிழுப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனசுக்கு ஒப்பவில்லை. செங்கல் சூளைக்காரர்களிடமோ அரிசி ஆலைக்காரர்களிடமோ இதற்கு ஒரு சொல் இருக்கும். பக்கத்தில் சூளை இருப்பவர்கள் கேட்டு எழுதுங்களேன்.

அன்புடன்