ரஷ்த்: முட்டை சேர்க்காத கீலான் சாப்பாடு எங்கே?

தங்கியிருப்பது வட ஈரானின் கீலான் மாகாணத்து ரஷ்த் நகரில், ஷஹர்தாரி சதுக்கம் அருகே. மாதக் கடைசி வரை. அம்மா முட்டை, மீன், இறைச்சி தொடமாட்டார். 2015இல் யுனெஸ்கோ உணவுக் கலை நகரப் பட்டியலில் சேர்த்த ஊரில் அவருக்குச் சாப்பாடுதான் சிக்கல்.

மிர்சா காசெமியில் சுட்ட கத்தரிக்காய், பூண்டு, தக்காளியோடு முட்டையையும் முன்பே கிளறிவிடுகிறார்கள், பிரிக்க வழியில்லை. பீன்ஸ் விதையும் சதகுப்பைக் கீரையும் சேர்த்த குழம்பான பாகாலா காதோக்கில் முட்டை கடைசியில்தான் ஊற்றுவது. ஆனால் மொத்தமாகச் செய்து வைப்பதால், கேட்கும்போது முட்டையும் ஊற்றி முடிந்திருக்கிறது. அக்ரூட், மாதுளைக் குழம்பான ஃபெசன்ஜான் என்றால் கோழி, இல்லாவிட்டால் வாத்து. பாரசீகத்தில் எழுதிக் காட்டியாயிற்று, முந்தின நாளே சொல்லியும் பார்த்தாயிற்று. இப்போதைக்கு ஓடுவது குழைவான கத்தே சோறு, தயிர், அக்ரூட்டும் மாதுளைச் சாறும் பிசைந்த ஆலிவ் காய், அதாவது ஜெய்தூன் பர்வர்தே. கடைசியது அருமை, ஆனால் அது தொட்டுக்கொள்ளத்தானே!

முட்டை ஊற்றுமுன் பாகாலா காதோக்கைத் தனியே எடுத்துத் தரும் கடையோ வீட்டுச் சமையல்காரரோ பெரிய பஜார் பக்கம் யார் இருக்கிறார்கள்?