மூன்று மாவட்டப் பரப்பில் ஐயாயிரம் பேர்: செர்ரி கவுண்டி பற்றி ஓர் ஐயம்

கேள்வி: மூலனூர் வெள்வேல்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மகள் கால்நடை அறிவியலில் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்குச் சென்றிருக்கிறாள். களப்பயிற்சிக்காக இந்தக் கோடையில் ஆறு வாரம் செர்ரி கவுண்டி என்னும் பகுதியில் தங்கப் போவதாகத் தொலைபேசியில் சொன்னாள். (கட்டுத்தரையில் தட்டு போட்டுக்கொண்டிருந்த என் சித்தப்பா, "அங்கேயும் நம்மவர்கள்தானா?" என்று கேட்டுவிட்டார். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு என்று அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று.)

பிள்ளை போகும் ஊர் எப்படிப்பட்டது என்று தேடிப் பார்த்தபோது கிடைத்த எண்கள் என்னைத் திகைக்க வைத்தன. அந்தக் கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 15,560 சதுர கிலோமீட்டர். கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய மூன்று மாவட்டங்களையும் கூட்டினால் கிட்டத்தட்ட இதே பரப்புதான் வருகிறது. நம் மூன்று மாவட்டங்களில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 82 லட்சம் பேர் இருந்தோம். அங்கே 2020 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 5,455 பேர். எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல முகூர்த்த நாளில் இரண்டு மண்டபங்களில் இவ்வளவு பேர் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பாலைவனமாக இருக்கும் என்று நினைத்துச் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால், கவுண்டியின் தெற்குப் பகுதி முழுவதும் சிறு சிறு ஏரிகள் நூற்றுக்கணக்கில் தெரிகின்றன. நாங்கள் ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டுப் புழுதியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். காலடியிலேயே நீர் நிற்கும் நிலத்தில் ஆள் இல்லாமல் போனது ஏன்? அது எப்போதுமே அப்படித்தான் இருந்ததா, அல்லது இருந்தவர்கள் போய்விட்டார்களா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கோபி புவியியல்

ஐயா, நீங்கள் பார்த்த ஏரிகளுக்கு நடுவே அலை அலையாகத் தெரிபவை மணற்குன்றுகள். நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதி ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரந்தது. மேற்கு அரைக்கோளத்தில் இதைவிடப் பெரிய மணற்குன்றுத் தொகுதி வேறு இல்லை. செர்ரி கவுண்டியின் பெரும்பகுதி அதற்குள் அடங்குகிறது. சில குன்றுகள் நானூறு அடி உயரம் வரை எழும். ஆனால் அவை ராஜஸ்தானத்து மணல்மேடுகளைப் போல மொட்டையாக இருப்பதில்லை; அடி முதல் முடி வரை புல் போர்த்தியிருக்கிறது. அந்தப் புல்லின் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. நெடிய வறட்சியில் புல் மடிந்து மணல் மீண்டும் நகர்ந்த காலங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அதாவது இங்கே சோழர்கள் ஆண்ட காலத்தை ஒட்டி நிகழ்ந்தது.

மழை ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்கிறது. நம் தாராபுரம், காங்கயம் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் சுக்கான் மண்ணில் பெய்யும் மழை ஓடிப்போகிறது. அங்கே மணல் அதைக் குடித்துவிடுகிறது. குடித்த நீர் கீழே ஓகலாலா என்னும் மாபெரும் நிலத்தடி நீர்த்தாங்கியில் சேர்கிறது. தெற்கு டக்கோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை நீளும் அந்த நீர்த்தாங்கி மிகத் தடிமனாக இருப்பது இந்த மணற்குன்றுகளின் அடியில்தான். குன்றுகளுக்கு இடைப்பட்ட தாழ்வுகளில் நிலத்தடி நீர்மட்டம் தரையைத் தொடும் இடமெல்லாம் ஏரியாகிறது. தரைக்குச் சற்றுக் கீழே நிற்கும் இடமெல்லாம் ஈரப் புல்வெளியாகிறது. ஊற்றுநீரே ஊட்டுவதால் ஆறுகளும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடுகின்றன. வடக்கே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் நையோப்ராரா ஆற்றின் கரையில், ஊற்றுநீர் விழும் ஸ்மித் அருவியைக் காணலாம். ஏறத்தாழ 63 அடி உயரமுள்ள அதுதான் மாநிலத்திலேயே உயரமான அருவி. நொய்யலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மழை இல்லாத மாதத்திலும் குறையாத ஆறு என்பதைப் பாடத்தில் நடத்தும்போதெல்லாம் சற்றுப் பொறாமையாகவே இருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீர் இருந்தும் அங்கே ஏர் ஓட்ட முடியாது. புல்லைக் கிழித்துவிட்டால் காற்று அந்த இடத்தைத் தோண்டத் தொடங்கும்; ஓர் ஆள் நிற்கும் பள்ளம் சில ஆண்டுகளில் ஒரு வீடு இறங்கும் குழியாகிவிடும். வடக்கில் ஆற்றை ஒட்டிய மேட்டுச் சமவெளிகளில் ஓரளவு பயிர் உண்டு. மற்ற இடமெல்லாம் மேய்ச்சல்தான். நீர் எத்தனை இருந்தாலும், மண் எதைத் தாங்குமோ அதற்கு ஏற்ற அளவில்தான் ஆள் தங்க முடியும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2: பவானிக் கூடுதுறை

புவியியல் ஆசிரியர் மண்ணைச் சொல்லிவிட்டார். எப்போதுமே இப்படித்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை என்பதே விடை. கணக்கெடுப்பு எண்களை வரிசையாக வைத்தால் ஒரு கதை தெரியும். 1900இல் 6,541 பேர், 1910இல் 10,414, 1920இல் 11,753. அதுதான் உச்சம். அதன் பிறகு ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் இறக்கமே. 2000இல் 6,148 ஆகி, இப்போது உச்சத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. 1900க்கும் 1910க்கும் இடையில் என்ன நடந்தது என்பதில்தான் முடிச்சு இருக்கிறது.

அதற்கு முன் அது லக்கோட்டா, பானி முதலிய பழங்குடிகள் காட்டெருமைக் கூட்டங்களைத் தொடர்ந்து வேட்டையாடிய நிலம். லக்கோட்டா மக்கள் வடக்கே ரோஸ்பட் ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் ஒடுக்கப்பட்டபின், அவர்களைக் கண்காணிக்க நையோப்ராரா கோட்டை எழுந்தது. 1883இல் கவுண்டி அமைந்தது. 1881இல் கொல்லப்பட்ட சாமுவேல் செர்ரி என்னும் இளம் படை அதிகாரியின் பெயரை அதற்கு வைத்தார்கள். பழத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. தலைநகரான வேலன்டைனும் அப்படியே. எட்வர்ட் வேலன்டைன் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பெயர் அது. காதலர் நாளுக்கு அந்த ஊர் அஞ்சல் முத்திரையை வேண்டி எங்கிருந்தெல்லாமோ கடிதம் அனுப்புகிறார்கள் என்பது பின்னால் வந்த வேடிக்கை.

மணற்குன்றுகளுக்குள் போனால் மாடு திரும்பாது என்று முதலில் அஞ்சிய மாட்டுப் பண்ணைக்காரர்கள், 1879 வாக்கில் வழிதவறிப்போன மந்தைகளைத் தேடிச் சென்றபோது அவை குன்றுகளுக்கு நடுவே கொழுத்து நிற்பதைக் கண்டார்கள். பிறகு கேட்க வேண்டுமா? அரசுப் புறம்போக்கைச் சுற்றி மைல்கணக்கில் முள்கம்பி இழுத்துவிட்டார்கள். அவர்களில் பெரும்புள்ளியான பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ் மீது வழக்கு நடந்து, முதலில் கிடைத்தது 300 டாலர் அபராதமும் ஆறு மணி நேரக் காவலும் மட்டுமே. இதைக் கேட்டுக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கொதித்துப் போனார். அடுத்த வழக்கில் ரிச்சர்ட்ஸ் உண்மையாகவே சிறை சென்று, தண்டனைக் காலத்திலேயே 1911இல் இறந்தார். புறம்போக்கு வழக்குகள் நம் வட்டாட்சியர் அலுவலகங்களில் எப்படி நடக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு முதல் பாதி வியப்பளிக்காது. இரண்டாம் பாதிதான் வியப்பு.

1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மழை மிகுந்த கிழக்கு மாநிலங்களில் அது ஒரு தோட்டம். மணற்குன்றில் அது ஒன்றுமில்லை. ஆகவே மோசஸ் கின்கெய்டு என்ற உறுப்பினர் கொண்டுவந்த 1904ஆம் ஆண்டுச் சட்டம், மேற்கு நெப்ராஸ்காவின் 37 கவுண்டிகளில் மட்டும் அதை 640 ஏக்கராக உயர்த்தியது. சனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் பார்த்த 10,414 என்ற எண் அந்த வண்டிகள்தான். அவர்களில் கறுப்பின மக்களும் இருந்தார்கள். 1907 முதல் வடக்கு லூப் ஆற்றங்கரையில் அவர்கள் அமைத்த டிவிட்டி என்னும் குடியிருப்பு, பள்ளியும் தேவாலயமும் அஞ்சலகமும் கொண்டு ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது. இன்று அங்கே ஒரு நினைவுப் பலகையும் புல்லும் இருக்கின்றன.

ஏன் நிலைக்கவில்லை? ஒரு பசுவுக்கும் அதன் கன்றுக்கும் ஆண்டு முழுவதும் தீனி கிடைக்க, இடத்தைப் பொறுத்துப் பத்து முதல் இருபது ஏக்கர் வேண்டும் என்பது அந்தப் பகுதிக் கணக்கு. 640 ஏக்கரில் எத்தனை மாடு கட்ட முடியும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அதில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. சிலர் உழுது பார்த்தார்கள், மணல் பறந்தது. பட்டா கைக்கு வந்ததும் பக்கத்துப் பண்ணைக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். 1930களின் வறட்சியும் விலைவீழ்ச்சியும் மீதியைத் துடைத்தன. முன்பு வைக்கோல் பருவத்தில் ஒவ்வொரு பண்ணையிலும் பத்துப் பதினைந்து ஆட்கள் புல் அறுத்தார்கள். இயந்திரம் வந்தபின் அந்த வேலையை இருவர் முடிக்கிறார்கள்.

மறுமொழி 3: லிங்கன் வாழ் தாராபுரத்தான்

மருமகள் வரும் இடம் பற்றி ஐயா கவலைப்பட வேண்டாம். நான் இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். நாங்கள் இருக்கும் லிங்கனிலிருந்து வேலன்டைனுக்கு ஐந்து மணி நேரப் பயணம். கவுண்டி கிழக்கு மேற்காக ஏறத்தாழ 150 கிலோமீட்டர், அதாவது கோவைக்கும் சேலத்துக்கும் உள்ள இடைவெளி; அதற்குள் ஊர் என்று சொல்லத்தக்கது வேலன்டைன் ஒன்றுதான். அங்கே 2,633 பேர். மருத்துவமனையும் நீதிமன்றமும் கடைகளும் அங்கேதான். அங்கிருந்து தெற்கே 83ஆம் எண் நெடுஞ்சாலையில் இறங்கினால் தெட்ஃபோர்டு வரும் வரை நூறு கிலோமீட்டருக்கு ஊர் கிடையாது. வண்டியில் எண்ணெயைப் பார்த்துக்கொள்ளாமல் அந்தச் சாலையில் இறங்கக் கூடாது. கைப்பேசிக்கும் பல இடங்களில் சமிக்ஞை வராது. இன்னொன்று: கவுண்டியின் கிழக்குப் பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் கடிகாரம் ஒரு மணி நேரம் வேறுபடும். பயிற்சிப் பண்ணை எந்தப் பக்கம் என்று அவர் முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

நான் நின்று பார்த்த இரண்டு பொருள்களைச் சொல்கிறேன். பண்ணைச் சாலையில் வாயிற்கதவு இல்லை. சாலையின் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, அதன்மேல் இரும்புக் குழாய்களை இடைவெளிவிட்டுப் பதித்திருக்கிறார்கள். வண்டி தடதடவென்று ஏறிப்போகிறது. குளம்பு இடுக்கில் இறங்கிவிடும் என்பதால் மாடு அதன் பக்கமே வருவதில்லை. நம் கடவை ஒவ்வொரு முறையும் இறங்கித் திறந்து கட்டும் வேலை மிச்சம். அடுத்தது காற்றாலை. உடுமலைப் பக்கம் நிற்கும் மின்காற்றாலைகளைப் போன்றதல்ல. பனைமர உயரம்கூட இல்லாத இரும்புக் கோபுரத்தில் தகரச் சிறகுகள் சுழல, ஒரு தண்டு மேலும் கீழும் போய்வந்து தொட்டிக்கு நீர் இறைக்கிறது. வட்டமான தகரத் தொட்டி நிரம்பி வழிய, வழிந்த நீரில் கறுப்புக் கன்றுகள் நின்றன. மின்சாரமும் இல்லை, ஆளும் இல்லை. எங்கள் தாத்தா இரண்டு எருது பூட்டிக் கவலை இறைத்த கதையை அங்கே நின்று நினைத்துக்கொண்டேன்.

ஆள்தான் குறைவு, மாடு குறைவில்லை. இறைச்சிக் கன்று ஈனும் தாய்ப்பசுக்களின் எண்ணிக்கையில் அமெரிக்கக் கவுண்டிகளிலேயே முதலிடம் இதற்குத்தான். ஊர்கள் சுருங்குவதை மக்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டும் இல்லை. மேற்கே கோடி என்னும் சிற்றூரில் மளிகைக்கடை மூடியே போனபின், பள்ளிப் பிள்ளைகள் நடத்தும் கடை ஒன்றை 2013இல் திறந்தார்கள். சுவருக்கு வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பூசியிருக்கிறார்கள்.

மறுமொழி 4: காங்கயம் பட்டி

வரலாறு எனக்குத் தெரியாது, மாடு தெரியும். படித்தவரை அந்த மணற்குன்றும் நம் கொறங்காடும் (உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காடு) ஒரே கணக்கில் ஓடுகின்றன. எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் கொறங்காடு; மூன்று கட்டுகளாகக் கிளுவை வேலி போட்டு மாற்றி மாற்றி மேய்க்கிறோம். ஒரு கட்டில் புல் கணுக்கால் அளவுக்கு இறங்கிவிட்டால் அடுத்த கட்டுக்கு ஓட்டிவிட வேண்டும். ஆசைப்பட்டு ஒரு வாரம் கூட விட்டால் அடுத்த மழைக்கு அந்த இடத்தில் புல் வராது, ஊமத்தைதான் வரும். என் அனுபவத்தில் ஒருமுறை அப்படிக் கெடுத்துக்கொண்டு மூன்று ஆண்டு காத்திருந்தேன். அங்கே கெட்டால் குழியாகிறது, இங்கே கெட்டால் களையாகிறது.

வேறுபாடு என்னவென்றால், நாம் பாகம் பிரித்துப் பிரித்துக் கொறங்காட்டைத் துண்டாக்குகிறோம். அவர்கள் வாங்கி வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். அதனால் இங்கே ஆள் இருக்கிறது, புல் போகிறது. அங்கே புல் இருக்கிறது, ஆள் போய்விட்டது. எது நல்லது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. துண்டுக் காட்டில் மேய்த்துத்தான் நான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

மறுமொழி 5: மூலனூர் வெள்வேல்

அனைவருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். 640 ஏக்கர் வைத்திருந்தவன் பிழைக்க முடியாமல் போனான் என்பதை அவர் நம்பவே இல்லை. ஒரு பசுவுக்கு இருபது ஏக்கர் என்று மறுபடியும் சொன்னதும் அமைதியாகிவிட்டார். பிறகு அவர் கேட்டது இது: நம் கொழுக்கட்டைப்புல் விதையைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் அங்கே முளைக்குமா?

மறுமொழி 6: கோபி புவியியல்

கொடுத்தனுப்ப வேண்டாம் ஐயா. விதைகளை முன்னனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். அந்தப் புல் அமெரிக்காவுக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. தெற்கு டெக்சாஸில் அதை மேய்ச்சலுக்காக விதைத்தார்கள், அரிசோனாவில் அது காட்டுக்குள் பரவித் தீப்பிடிக்க வழிசெய்கிறது என்று இப்போது பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். செர்ரி கவுண்டியில் குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இருபது பாகைக்கும் இறங்கும். அந்த உறைபனியை அது தாங்காது.