ஏரியில் படகுக் கழிவு: முழுத் தடையா, சுத்திகரித்து விடுவதா?

ஏரிக்கரை:
மக்கள் நீந்தவும் படகு ஓட்டவும் வரும் ஏரிகளைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். கழிப்பறை உள்ள படகுகளிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுகூட அந்தத் தண்ணீரில் விழக் கூடாது. சுத்திகரித்த கழிவும் இதில் அடக்கம். படகிலேயே தொட்டியில் சேர்த்து வைத்து, கரைக்கு வந்ததும் பம்ப் போட்டு உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். கடலுக்கான விதியை ஏரிக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஏரியில் விட்டது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். பல ஏரிகளில் தண்ணீர் முழுதாக மாற ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அமெரிக்காவில், வெளியிலிருந்து படகு வந்துபோக வழியில்லாத நன்னீர் ஏரிகளில் சுத்திகரித்த கழிவையும் விடக் கூடாது என்பதுதான் கூட்டரசு விதி. மற்ற இடங்களுக்கும் அதுவே பொருந்தும் என்கிறேன்.

பாய்மரம்:
முழுத் தடையை ஏற்க முடியவில்லை நண்பரே. ஏரி கெடுவதற்குப் பெரிய காரணங்கள் கரையில்தான் இருக்கின்றன: கசியும் செப்டிக் டேங்குகள், வயல்களிலிருந்து வரும் உரம், மழைக்காலத்தில் நிரம்பி வழியும் ஊர்ச் சாக்கடை. படகு கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் பழி அதன் மேல் விழுகிறது. கழிவை அரைத்து, கிருமியைக் கொன்று வெளியே விடும் கருவிகள் படகுகளுக்கென்றே இருக்கின்றன. அமெரிக்க விதிப்படி, இக்கருவிகளில் இரண்டாம் வகை எனப்படுவதிலிருந்து வரும் தண்ணீரில் 100 மில்லிக்கு 200-க்கு மேல் மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் குடல் பாக்டீரியா) இருக்கக் கூடாது. பல ஊர்ச் சாக்கடைகள் இந்த அளவை நெருங்கக்கூட முடியாது.

தொட்டியின் கணக்கையும் பார்ப்போம். 100 லிட்டர் தொட்டி, ஒரு முறைக்கு 2 லிட்டர் தண்ணீர் என்றால் 50 முறை. நான்கு பேர், ஆளுக்கு நாளைக்கு ஐந்து முறை: இரண்டரை நாளில் நிரம்பிவிடும். பக்கத்தில் பம்ப் இல்லையென்றால் என்ன நடக்கும்? இருட்டிய பிறகு வால்வைத் திறந்துவிடுவார்கள். அப்படிப் போகும் பச்சைக் கழிவைவிடச் சுத்திகரித்தது எவ்வளவோ மேல்.

ஏரிக்கரை:
சாக்கடையும் செப்டிக் டேங்கும் மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் படகுகள் எங்கே நங்கூரம் போடுகின்றன என்று பாருங்கள். காற்று அடிக்காத, ஆழம் குறைந்த, நீரோட்டம் இல்லாத ஓரங்களில்தான். குழந்தைகள் இறங்கி விளையாடுவதும் அதே இடத்தில்தான். ஏரி முழுமைக்கும் சராசரி எடுத்தால் படகின் பங்கு சின்னதாகத் தெரியலாம். அந்த ஓரத்தில் நிற்பவருக்குச் சராசரியால் என்ன பயன்?

ஒருவர் ஒரு நாளில் வெளியேற்றும் மலக் கோலிஃபார்ம் பாக்டீரியாவைக் கணக்குக்காக 200 கோடி என்று வைப்போம். குளிக்கும் நீருக்கு அமெரிக்கா வைத்திருக்கும் அளவுகோல் 100 மில்லிக்கு 126 ஈ. கோலை (மலக் கோலிஃபார்மில் பெரும்பகுதி இந்த பாக்டீரியாதான்). அந்த அளவுக்கு நீர்த்துப்போக ஏறக்குறைய 16 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். 2 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். இது ஒரே ஒரு ஆளுக்கு. விடுமுறை நாளில் ஒரு ஓரத்தில் பத்துப் படகு நின்றால்?

செப்டிக் டேங்க் சரியாக இருந்தால் கழிவு மண்ணில் வடிகட்டித்தான் ஏரிக்கு வருகிறது. படகுக் கழிவுக்கு நடுவில் மண்ணே இல்லை.

நுண்ணோக்கி:
பாய்மரம் ஐயா, கிருமியைக் கொல்வது வேறு, சத்தை நீக்குவது வேறு. நீங்கள் சொல்லும் கருவி பாக்டீரியாவைக் குறைக்கும். கழிவிலுள்ள பாஸ்பரஸும் நைட்ரஜனும் பெரும்பாலும் அப்படியே தண்ணீருக்குப் போகும். சிறுநீரில்தான் இவை அதிகம் என்பதால் திடப்பொருளை அரைத்து வடித்தாலும் பிரச்சினை தீராது.

பாஸ்பரஸ் என்ன செய்யும் என்பதற்குக் கனடாவில் ஒன்டாரியோவின் 226-ஆம் எண் ஏரியைச் சொல்வேன். 1973-இல் அதைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் சேர்த்த பக்கம் மட்டும் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. வானிலிருந்து எடுத்த படத்தில் திரைக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் தெளிவு என்று பளிச்சென்று தெரியும்.

குளோரின் போட்டுக் கிருமியைக் கொல்லும் கருவியென்றால் அந்தக் குளோரின் மீன்களுக்கும் ஆகாது.

பாய்மரம்:
226 எனக்கும் தெரியும். அது பாஸ்பரஸ் ஏரியைக் கெடுக்கும் என்று காட்டுகிறது. படகுதான் கெடுத்தது என்று காட்டவில்லை. ஒருவர் உடலிலிருந்து நாளைக்கு ஒன்று அல்லது ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் போகிறது. ஒரு நல்ல மழையில் வயல்களிலிருந்து வருவதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. நாற்றத்துக்காகத் தொட்டியில் ஊற்றும் மருந்துகள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. அதைக் கரையிலுள்ள செப்டிக் டேங்கில் கொட்டினால் கழிவை மக்கவைக்கும் பாக்டீரியாவே செத்துவிடும். அப்போது தொந்தரவைத் தண்ணீரிலிருந்து கரைக்கு மாற்றியதுதான் மிச்சம்.

படகுத்துறைக்காரர்:
துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மருந்து பற்றிப் பாய்மரம் சொன்னது உண்மை. ஃபார்மால்டிஹைடு இல்லாத, நொதி அல்லது நைட்ரேட் கலந்த மருந்துகள் கிடைக்கின்றன. துறையில் அவற்றை மட்டும்தான் அனுமதிக்க வேண்டும். நாற்றத்துக்குப் பாதிக் காரணம் அடைத்துக்கொண்ட காற்றுக்குழாயும் பழைய ரப்பர் குழாயும்தான். அவற்றைச் சரிசெய்தாலே மருந்துச் செலவு குறையும்.

ஆனால் 'இருட்டில் திறந்துவிடுவார்கள், அதனால் தடை வேண்டாம்' என்பது சரியில்லை. தொட்டிக்கும் வெளியே போகும் குழாய்க்கும் நடுவில் ஒரு வால்வு இருக்கிறது. அதை மூடிய நிலையில் பூட்டலாம், கைப்பிடியைக் கழற்றி வைக்கலாம். பரிசோதிக்க ஒரு நிமிடம் போதும். கலிஃபோர்னியாவுக்கு அருகே கேட்டலினா தீவின் அவலான் துறைமுகத்தில், உள்ளே வரும் படகின் கழிப்பறையில் காவலர்களே சாய மாத்திரையைப் போடுகிறார்கள். கழிவை வெளியே விட்டால் தண்ணீரில் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம், பம்ப் இருந்தால் மட்டும் போதாது. வேலை செய்ய வேண்டும். பெட்ரோல் போடும் இடத்திலேயே இருக்க வேண்டும், ஞாயிறு மாலை எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பும்போது ஆள் இருக்க வேண்டும், இலவசமாகவோ பெயரளவுக் கட்டணத்திலோ இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஆட்கள் வருவதில்லை. அமெரிக்கா 1992-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, துறைகளில் பம்ப் நிலையம் கட்டப் பணம் ஒதுக்கியது. பெரிய ஏரிகளில் மிதக்கும் கழிப்பறைகளையும் நிறுத்தலாம். சின்னப் படகுக்காரருக்குத் தொட்டியே வேண்டியிருக்காது.

பாய்மரம்:
இப்படிச் செய்தால் நானும் தொட்டிதான் வைப்பேன். என் எதிர்ப்பு வரிசையைப் பற்றி. முதலில் பம்ப், பிறகு தடை. தலைகீழாகச் செய்தால் ஒழுங்காக இருக்க நினைப்பவர்தான் அபராதம் கட்டுவார்.

ஏரிக்கரை:
தடை இல்லாத இடத்தில் பம்ப் கட்ட யார் முன்வருவார்கள்? யாரும் பயன்படுத்தாத பம்ப் ஓராண்டில் துருப்பிடித்துவிடும். இரண்டும் ஒரே தேதியில் வரட்டும். அதுவரை கையில் தூக்கிச் செல்லும் கழிப்பறைப் பெட்டி இருக்கிறது. 20 லிட்டர் அளவில் கிடைக்கிறது. சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் உலர் கழிப்பறையும் உண்டு. எதற்கும் வழியில்லாதவர் இரவு தங்காமல் கரைக்குத் திரும்பட்டும். ஏரிக்குள் விடுவதை மட்டும் ஒரு வழியாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

நுண்ணோக்கி:
சண்டையைக் குறைக்க ஒரு சோதனை. நங்கூரம் போடும் ஓரத்தில், படகு குறைவான புதன் காலையிலும் படகு நிறைந்த ஞாயிறு மாலையிலும் தண்ணீர் எடுத்து ஈ. கோலை எவ்வளவு என்று பாருங்கள். மழை இல்லாத வாரமாக இருக்க வேண்டும். மனிதக் கழிவா, மாட்டுக் கழிவா என்று பிரித்துக் காட்டும் மரபணுச் சோதனையும் உண்டு.

பாய்மரம்:
செய்யலாம். ஆனால் மனிதக் கழிவு என்று வந்தாலும் அது படகிலிருந்தா, கரை வீட்டு டேங்கிலிருந்தா என்று அந்தச் சோதனை சொல்லாது. அதனால் கரையில் வீடுகள் இருந்து படகே நிற்காத ஓரத்திலும், ஏரிக்குள் வரும் வாய்க்கால் வாயிலும் அதே இரண்டு நேரங்களில் மாதிரி எடுங்கள். படகு ஓரத்தில் மட்டும் ஞாயிறு எண்ணிக்கை எகிறினால் முழுத் தடைக்கு நானே கையெழுத்துப் போடுகிறேன்.

ஏரிக்கரை:
மூன்று இடமும் சரி. மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஞாயிறு மாலை திறந்திருக்கும் ஆய்வகம் யாருக்காவது தெரியுமா?