மேட்டுப்பாத்திக்குள் எந்தக் கட்டையைப் புதைத்தீர்கள்?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் கொல்லையில் ஒரு மாமரமும் விழுந்தது. கட்டைகளை எரிக்க மனம் வரவில்லை. அடியில் கட்டையைப் புதைத்து மேலே மண்ணை மேடாக்கினால், கட்டை மட்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். அப்படி முழங்கால் ஆழம் குழி எடுத்து இரண்டு மேட்டுப்பாத்தி போட்டேன். ஒன்றில் மாங்கட்டை, இன்னொன்றில் தென்னந்துண்டு. மேலே சருகு, சாணம், மண்.

மாங்கட்டைப் பாத்தியில் முதலில் நட்ட கத்தரி வெளிறிப் போனது. கட்டையை மட்க வைக்கும் பூஞ்சைகள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்கின்றன, செடிக்குப் போதவில்லை. கோமியத்தில் பத்து பங்கு தண்ணீர் கலந்து ஊற்றினேன், தட்டைப்பயறு விதைத்தேன், தேறியது. மூன்றாம் வருடக் கோடையில் தோண்டிப் பார்த்தால் கட்டை பஞ்சாகியிருந்தது. ஒரு துண்டைப் பிழிந்தேன், விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

தென்னைப் பாத்திதான் வேதனை. மேல்மண் ஒரு சாண்கூடப் போடவில்லை. மழையில் கரைந்து துண்டுகள் வெளியே தெரிந்தன. கிளறினால் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. காண்டாமிருக வண்டின் புழு. மட்கும் தென்னந்தண்டு, எருக்குழி போன்ற இடங்களில்தான் அந்த வண்டு முட்டையிடும். புயலுக்குத் தப்பி நின்ற நாலு தென்னையிலும் விரிந்த மட்டைகள் கத்தரிக்கோலால் வெட்டியது போல இருந்தன. பாத்தியையே பிரித்து, புழுக்களைக் கோழிக்குப் போட்டேன். தென்னை நிற்கிற தோட்டத்தில் தென்னங்கட்டையைப் புதைக்காதீர்கள்.

*

நான் மதுரைப் பக்கம். பச்சை முருங்கைக் கிளைகளைப் புதைத்தேன் அண்ணே. கொஞ்ச நாளில் பாத்தி முழுக்கத் துளிர்! முருங்கை, பூவரசு, கிளுவை, கிளைரிசிடியா எல்லாம் போத்து, அதாவது வெட்டிய கிளையை, நட்டாலே வளர்கிற மரங்கள். இப்போது நன்றாகக் காயவிட்டுத்தான் உள்ளே போடுகிறேன். கரையான் வருமே என்று பயந்தேன். வந்தது, ஆனால் செத்த கட்டையைத்தான் தின்றது. என் வெண்டையைத் தொடவில்லை. வேம்பு போடலாமா?

*

வேம்பும் தேக்கும் சீக்கிரம் மட்காது தம்பி. உள்ளே புதைப்பதைவிடப் பாத்தியின் ஓரத்துக்கு அணையாக வைத்தால் பல வருடம் தாங்கும். தைலமரக் கட்டை வேண்டாம், அதன் எண்ணெய் நாற்றுகளுக்கு ஆகாது. பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் எதையும் சாப்பிடுகிற பயிருக்கு அடியில் போடவே போடாதீர்கள். கிடைத்தால் மாங்கட்டை, அதிலும் பாதி உளுத்தது. அடுத்த மழைக்கு முன்னால் இன்னொரு பாத்தி போட, பக்கத்து வீட்டில் வெட்டிய கிளைகளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.