புதுப்பிப்பு: பிளஸ் ஒன்னில் எந்த குரூப்?

வேலூர்ப் பிள்ளைகளுக்கான குரூப் தேர்வு பற்றிய போன பதிவைப் படித்துவிட்டு, "பி.இ. கம்ப்யூட்டருக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கட்டாயமா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பாகாயம் அரசு பொறியியல் கல்லூரிக்கும் கவுன்சிலிங் கட்ஆஃப்தான் (சேர்க்கைக்கான மார்க் கணக்கு): கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் இதில் சேராது. கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90 என்றால் 92+44+45=181. கணிதத்தில் பத்து மார்க் போனால் பத்தும் போச்சு. இயற்பியலில் போனால் ஐந்துதான். அதனால் டியூஷன் காசைக் கணிதத்துக்கே முதலில் செலவழியுங்கள்.

சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். ஆசை என்றால் உயிரியல் வேண்டும், நீட்டும் எழுத வேண்டும். இன்னும் முடிவாகவில்லையா? கணிதமும் உயிரியலும் சேர்ந்த பயோ-மேத்ஸ் குரூப்பை எடுங்கள், பாரம் கூடுதல்தான். கணிதம் இல்லாத தாவரவியல்-விலங்கியல் குரூப்பில் சேர்ந்துவிட்டு, பிளஸ் டூ முடித்தபின் பி.இ. சிவில் கேட்டால் நடக்காது.