ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு திரையில் நீலமாகிறது: டபிள்யூஎக்ஸ்பைத்தானில் இமேஜ், பிட்மேப் மாற்ற உதவி தேவை

கேள்வி (காரைக்குடி)

வணக்கம். என் சித்தப்பா ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருக்கிறார். வீடு கட்டுகிறவர்கள் வந்து, இந்தப் பூவைக் கூடம் முழுக்கப் பதித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால், பத்துக் கல்லைத் தூக்கி வந்து தரையில் அடுக்கிக் காட்டுகிறார். அவருக்கு முதுகுவலி. கல்லைத் தூக்காமல் திரையிலேயே காட்ட ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டறைக் கணினியில் விண்டோஸ், என்னிடம் லினக்ஸ். இரண்டிலும் ஓட வேண்டும் என்பதால் டபிள்யூஎக்ஸ்பைத்தானை (பைத்தான் மொழியில் சாளர நிரல் எழுத உதவும் நூலகம்) எடுத்தேன்.

கல்லைப் படமெடுத்து, ஓபன்சிவி என்ற படச்செயலாக்க நூலகம் கொண்டு கோணலை நிமிர்த்துகிறேன். வரும் நம்பை அணியை (படம் எண்களின் அடுக்காக) டபிள்யூஎக்ஸின் இமேஜ் என்ற பட வகையாக்கி, அதைத் திரையில் வரைவதற்கான பிட்மேப் வகையாக்கி வரைகிறேன். நான்கு சிக்கல்கள்:

சிவப்புக் கல் நீலமாகத் தெரிகிறது. மஞ்சள் வானநீலமாகிவிட்டது. பச்சையும் கறுப்பும் சரியாகவே இருக்கின்றன.

சதுரக் கற்கள் ஒழுங்காக வருகின்றன. சுவரோரம் பதிக்கும் ஓரக்கல்லின் கொடி மட்டும் சாய்ந்து, கிழிந்த துணி போலத் தெரிகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

பின்னணி இல்லாத தனிப் பூவைப் பில்லோ என்ற பட நூலகம் வழியாகத் திறந்தேன். முதலில் தரவின் அளவு பொருந்தவில்லை என்று பிழை வந்தது. ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் மட்டும்) வகைக்கு மாற்றியதும் பிழை போய்விட்டது, ஆனால் பூவைச் சுற்றிக் கறுப்புக் கட்டம்.

சாளரத்தை இழுத்தால் திரை திக்கித் திணறுகிறது.

ஒரு வாரமாக இதிலேயே இருக்கிறேன். சித்திரை பிறப்பதற்குள் சித்தப்பா கையில் கொடுத்துவிட ஆசை.

பதில் (தேவகோட்டை)

தம்பி, பச்சையும் கறுப்பும் மாறவில்லை என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. ஓபன்சிவி ஒவ்வொரு புள்ளியையும் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கிறது. டபிள்யூஎக்ஸ் சிவப்பு, பச்சை, நீலம் என்று படிக்கிறது. நடுவிலிருக்கும் பச்சை இடம் மாறுவதில்லை. கறுப்பில் மூன்றும் சுழி. சிவப்பும் பச்சையும் சேர்ந்த மஞ்சளோ, நீலமும் பச்சையும் சேர்ந்த வானநீலமாகிவிடுகிறது. இமேஜுக்குக் கொடுக்கும் முன் ஓபன்சிவியின் வண்ணமாற்றச் சார்பைக் கொண்டு வரிசையைத் திருப்பிவிடுங்கள்.

ஓரக்கல்லின் அணி என்ன அளவு என்று அச்சிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

கேட்டவர்

அக்கா, வண்ணம் சரியாகிவிட்டது! அளவு 610, 1180, 3 என்று வருகிறது. அதே வரிசையில்தான் இமேஜுக்கும் கொடுக்கிறேன்.

பதில் (தேவகோட்டை)

நினைத்தது சரிதான். நம்பை உயரத்தை முதலில் சொல்லும், இமேஜ் அகலத்தை முதலில் கேட்கும். உங்கள் கொடி 1180 புள்ளி அகலமும் 610 உயரமும் உடையது. நீங்களோ 610 அகலம் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் ஒரு வரி முடியும் முன்பே இமேஜ் அதை வெட்டி, மீதியைக் கீழ்வரியில் போடுகிறது. இமேஜின் இரண்டு வரி சேர்ந்தால் 1220, அதனால் அடுத்த உண்மையான வரி 40 புள்ளி முன்னதாகவே தொடங்குகிறது. அப்படியே வரிக்கு வரி நகர்வதால்தான் சாய்வு. எப்படிப் பெருக்கினாலும் மொத்தம் 21,59,400 பைட்டுகள்தான். அளவு பொருந்துவதால் நூலகம் மறுக்கவில்லை. சதுரக் கல்லில் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் இந்தத் தவறு வெளியே தெரியவும் இல்லை. இனி எதைச் சோதித்தாலும் ஓரக்கல்லை வைத்தே சோதியுங்கள்.

கறுப்புக் கட்டத்துக்கு வருகிறேன். அந்தப் பூவில் புள்ளிக்கு நான்கு பைட்டுகள், நான்காவது ஒளிபுகும் அளவு. இமேஜுக்குத் தரவு கொடுக்கும் செட்டேட்டா சார்பு மூன்றை மட்டுமே ஏற்கும், அதனால்தான் முதலில் பிழை. ஆர்ஜிபிக்கு மாற்றினால் பில்லோ நான்காவதைக் கழற்றி எறிந்துவிடுகிறது. அதன் அடியில் ஒளிந்திருந்த நிறம், பெரும்பாலும் கறுப்பு, மேலே வந்துவிடுகிறது. மூன்று வண்ணங்களைச் செட்டேட்டாவிலும் நான்காவதைச் செட்ஆல்ஃபாவிலும் தனித்தனியாகக் கொடுங்கள். படத்தில் இனி எந்த மாற்றமும் செய்யப் போவதில்லை என்றால், பிட்மேப்பின் ஃப்ரம்பஃபர்ஆர்ஜிபிஏ நான்கையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளும்.

செட்டேட்டாபஃபர் என்று ஒன்று கண்ணில் படும். வேகமாக இருக்கிறதே என்று அதைத் தொடாதீர்கள். அது தரவைப் படியெடுக்காமல் உங்கள் நினைவகத்தையே பயன்படுத்தும். அணி அழிந்த பிறகு இமேஜ் அதைத் தேடினால் நிரல் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்துவிடும். நான் இரண்டு இரவு தூங்காமல் தேடிய பிழை இது.

பதில் (பள்ளத்தூர்)

நான்காவது சிக்கலுக்கு நான் சொல்கிறேன். தம்பி, வரைகிற சார்பில் ஒரு கல்லுக்கு எத்தனை முறை பிட்மேப் செய்கிறீர்கள்?

கேட்டவர்

ஒவ்வொரு கல்லை வரையும்போதும் செய்கிறேன் அண்ணா. கூடம் 16-க்கு 12 கல்.

பதில் (பள்ளத்தூர்)

அப்படியானால் சாளரம் ஒருமுறை அசைந்தால் 192 மாற்றங்கள். எந்தக் கணினியும் திணறும்.

இரண்டு வகை எதற்கு என்பது புரிந்துவிட்டால் இந்தச் சிக்கல் திரும்ப வராது. டபிள்யூஎக்ஸ்பைத்தானுக்கு அடித்தளமான டபிள்யூஎக்ஸ் 1992-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கியது. பொத்தானோ படமோ, அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பொருளையே பயன்படுத்துவது அதன் போக்கு. பிட்மேப் அப்படிப்பட்ட சொந்தப் பொருள். விண்டோஸில் அதன் உள்ளமைப்பு ஒன்று, லினக்ஸில் வேறு. திரையில் சட்டென்று விழும், ஆனால் உள்ளே கை வைப்பது கடினம். இமேஜ் வெறும் பைட்டுகள், எல்லாத் தளத்திலும் ஒன்றே. பட்டறையில் பார்த்திருப்பீர்கள்: கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றும்வரை எதையும் மாற்றலாம். சிமெண்டு இறுகித் தண்ணீர்த் தொட்டிக்குப் போன கல்லில் நிறம் மாற்ற முடியுமா? இமேஜ் ஊற்றுகிற கட்டம், பிட்மேப் இறுகிய கல்.

ஆகவே சுருக்குவது, திருப்புவது, நிறம் மாற்றுவது எல்லாவற்றையும் இமேஜில் முடியுங்கள். கடைசியில் ஒரே ஒருமுறை பிட்மேப்பாக்கி வைத்துக்கொண்டு, அதையே 192 முறை வரையுங்கள். திரும்ப மாற்ற வேண்டுமானால் பிட்மேப்பிடம் கன்வர்ட்டுஇமேஜ் இருக்கிறது. ஆனால் மூல இமேஜைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதற்குத் தேவையே வராது.

படங்களைப் பின்னணி இழையில் (நிரலுக்குள் பக்கத்தில் தனியே ஓடும் வேலையில்) ஏற்றுவதாக இருந்தால் அங்கே இமேஜ் வரை மட்டும் செய்யுங்கள். பிட்மேப்பை முதன்மை இழையில், கால்ஆஃப்டர் வழியாகச் செய்ய வேண்டும். நிரலின் ஆப் பொருள் பிறப்பதற்கு முன் பிட்மேப் செய்தாலும் பிழை வரும். பழைய குறிப்புகளில் காணும் பிட்மேப்ஃப்ரம்இமேஜ் இப்போது வேண்டாம். டபிள்யூஎக்ஸ்பைத்தானின் நான்காம் பதிப்பிலிருந்து, பிட்மேப் என்று எழுதி அடைப்புக்குள் இமேஜைக் கொடுத்தாலே போதும்.

கேட்டவர்

அக்கா, அண்ணா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கும் தீர்ந்தன. நேற்று மாலை சித்தப்பாவிடம் காட்டினேன். சாளரத்தை இழுத்துப் பார்த்தார், திணறவில்லை. கொடியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு ஒன்று கேட்டார். இதே படத்தை அச்சிட்டு, வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். ஆனால் கல்லைக் கவிழ்த்துத்தானே வார்க்கிறார்கள்? கண்ணாடியில் படிகிற பக்கம்தான் முகம். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் கொடி இடம் வலமாக மாறித் தெரிய வேண்டும். நான் திரையில் காட்டியதை அப்படியே அச்சிட்டால் கொடி எதிர்ப்பக்கம் ஓடும் என்கிறார். பிட்மேப்பில் அதற்கு வழி தேடினேன், கிடைக்கவில்லை.

பதில் (தேவகோட்டை)

பிட்மேப்பில் கிடைக்காது தம்பி. இமேஜில் மிரர் என்று இருக்கிறது. அது மூலத்தைத் தொடாமல் திருப்பிய புதிய இமேஜைத் தரும். திரைக்கு ஒரு பிட்மேப், அச்சுக்கு ஒரு பிட்மேப், இரண்டுக்கும் ஒரே மூலம். அச்சுத்தாளின் மூலையில் "வார்ப்புப் பக்கம்" என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். வாங்க வருகிறவர் கையில் அந்தத் தாள் போய்விடக் கூடாது.