மறு: ‘இயற்கை நினைவுச்சின்னம்’ - திண்டாயா மலைக்கு இந்தச் சொல் பொருந்தவில்லை

அனைவருக்கும் வணக்கம்.

தேசியப் பூங்கா, சரணாலயம், உயிர்க்கோளக் காப்பகம் எல்லாம் இந்த இழையில் பெரிய தகராறில்லாமல் முடிந்துவிட்டன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் மூன்றாவதாக வரும் வகை மட்டும் இன்னும் நிற்கிறது. ஒரு மலை, ஒரு குகை, ஒரு பழந்தோப்பு என்று ஏதோ ஒரு தனி இயற்கை அமைப்புக்காகவே ஒதுக்கிக் காக்கப்படும் சிறு பரப்புகள் இதில் வரும். ஆங்கிலத்தில் ‘நேச்சுரல் மான்யுமென்ட்’. நாம் தொகுக்கும் தமிழ்க் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘இயற்கை நினைவுச்சின்னம்’ என்று போட்டிருக்கிறோம். அதை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நீளமான மடல்.

> தொல்லியல் துறைப் பலகைகளில் எல்லாம் நினைவுச்சின்னம் என்றே இருக்கிறது. மக்களுக்குப் பழகிய சொல். எதற்கு மாற்றணும்?

பலகை வாதம் வலுவானது, அதை லேசாக ஒதுக்க முடியாது. மாமல்லபுரத்திலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் ‘பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்’ என்று படித்து வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லாரும். ஆனால் கோயிலோ கோட்டையோ கல்லறையோ, அங்கே யாரோ கட்டினார்கள், எதையோ எண்ணிக் கட்டினார்கள் என்பது உண்மை. சொல் அதைத் தாங்குகிறது. ஒரு மலைக்கு அதே சொல்லைச் சூட்டினால் வாசிக்கிறவர் முதலில் கேட்பது ‘யாருடைய நினைவாக?’ என்பதுதான். அதற்குப் பதில் கிடையாது.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் இது முடியாது. நான் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் திண்டாயா மலையையே எடுத்துக்கொள்கிறேன்.

ஃபுவெர்தெவெந்தூரா, ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்று, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். அந்தக் கூட்டத்திலேயே மூத்த தீவு. கடலுக்கு மேலே தலைகாட்டி 2 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அத்தனை காலம் அரிபட்டு அரிபட்டுத் தாழ்ந்துபோனதால் இன்றைக்கு அதன் மிக உயர்ந்த இடமே 807 மீட்டர்தான். பக்கத்தில் 3,700 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் தெனெரீஃபைப்போல மேகத்தை மறித்து நிறுத்த இதனால் முடியாது, அதனால் பல இடங்களில் ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைச் சுற்றியே நிற்கிறது. மரம் அபூர்வம். கல், மணல், காற்று, ஆடு.

இந்தத் தீவின் வடமேற்கில், லா ஒலீவா நகராட்சிக்குள், சுமார் 400 மீட்டர் உயரத்தில் திண்டாயா. எரிமலை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே தவிர அது வாய் திறந்து கக்கிய மலை இல்லை. பழைய எரிமலை ஒன்றின் உடலுக்குள் ஏறிவந்த பாறைக்குழம்பு வெளியே வராமல் உள்ளேயே இறுகி டிராக்கைட் என்னும் பாறையானது. மேலே மூடியிருந்ததெல்லாம் காலப்போக்கில் அரித்துப் போக, உள்ளே இருந்த கெட்டியான பகுதி தனியாக வெளியே நின்றுவிட்டது. சுற்றியுள்ள கறுத்த மேடுகளுக்கு நடுவில் இது வெளிறித் தெரியும். கல்லை அறுத்த முகத்தைப் பார்த்தால் சந்தன நிறப் பரப்பில் துருநிற வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும், பாறைக்குள் ஊறிய நீரோடு நகர்ந்து படிந்த இரும்பு ஆக்சைடு இட்ட கோடுகள் அவை. கட்டட முகப்பில் பதிக்க இந்தக் கல்லுக்கு நல்ல கிராக்கி இருந்தது. அதனாலேயே மலையின் பக்கவாட்டில் கல்குவாரிகள் வந்தன.

அப்புறம் உச்சிப் பாறைகள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர் வந்து தீவைப் பிடிப்பதற்கு முன்பு அங்கே வாழ்ந்த, வட ஆப்பிரிக்க வேர்கொண்ட மாஹோ மக்கள், பாத வடிவங்களை அங்கே செதுக்கியிருக்கிறார்கள். 200க்கும் மேல். உண்மையான காலடிபோல வளைவு நெளிவு இருக்காது. பெரும்பாலும் கட்டம்போல ஒரு புறக்கோடு, அதன் ஒரு முனையில் விரல்களுக்காகச் சின்னச் சின்னக் கோடுகள், பல இடங்களில் இரண்டு பாதங்கள் சோடியாக. நிறைய பாதங்கள் மேற்குத் தென்மேற்கு நோக்கி இருக்கின்றன, குளிர்காலத்தில் சூரியன் விழும் பக்கம், வானம் தெளிந்த நாளில் பக்கத்துத் தீவான கிரான் கனேரியாவும் தெனெரீஃபின் தெய்தே சிகரமும் தெரிகிற பக்கம். இவற்றுக்கு ‘பாதக்கீறல்’ என்று எழுதிவருகிறேன். பாறைக்கீறல் ஏற்கெனவே நம் தொல்லியல் எழுத்தில் இருப்பதால் அதில் யாருக்கும் தடையிருக்காது என்று நினைக்கிறேன்.

செடிகளில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் ஊர்க் கள்ளிமுளையானுக்கு நெருங்கிய உறவான ஒரு செடி, அங்கே குவெர்னூவா என்பார்கள், இந்த மலையில் வளர்கிறது: இலையில்லாத, நான்கு பட்டை ஓடிய, சாம்பல் பூத்த தண்டு. அதுவும் சட்டத்தின் காவலில் இருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம், நம் சிக்கல் இருப்பது அங்கேதான். கேனரி அரசு 1987இல் இந்த மலையைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கியது; 1994 சட்டத்தில் இது ‘மொனுமெந்தோ நாத்துரால்’ என்ற வகைக்குள் வந்தது, நாம் பேசும் வகைக்கு ஸ்பானியப் பெயர் அது. இந்த வகைக்கு ஸ்பெயினின் 1989 சட்டம் தந்த விளக்கம், தனித்தன்மையாலோ அருமையாலோ அழகாலோ சிறப்புக் காவலுக்குத் தகுதி பெற்ற இயற்கை அமைப்புகள் என்பது. அதில் நினைவு என்ற பேச்சே இல்லை. வடிவம் இருக்கிறது, காவல் இருக்கிறது.

இதற்கு நடுவில் வருகிறார் எதுவார்தோ சில்யீதா, வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த பெருஞ்சிற்பி. 1990களில் அவர் இந்த மலையின் வயிற்றைக் குடைந்து, பக்கத்துக்கு 50 மீட்டராக ஒரு கனசதுர வெளியை உண்டாக்க விரும்பினார். மேலிருந்து இரண்டு துளைகள், ஒன்று சூரிய ஒளிக்கு, ஒன்று நிலவொளிக்கு. உள்ளே நிற்கும் எந்த மனிதரும் தன்னைச் சிறியவராகவும் மற்றவருக்குச் சமமாகவும் உணர வேண்டும், சகிப்புத்தன்மைக்கு அது ஒரு நினைவுச்சின்னமாக நிற்க வேண்டும் என்பது அவர் கனவு. அந்தக் கனவை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,25,000 கன மீட்டர் பாறை வெளியே வர வேண்டும், போகிற வழிக்கான சுரங்கம் தனி. சூழல் ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கல் எடுக்கும் உரிமைகளைத் தீர்க்கப் பொதுப்பணம் செலவழிந்து, அது பெரிய சர்ச்சையாகி, 2002இல் சில்யீதா காலமான பிறகும் வழக்கும் வாதமும் ஓடின. குடைவு நடக்கவில்லை.

இதை இப்போதைய சொல்லை வைத்துத் தமிழில் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்: ‘திண்டாயா என்னும் இயற்கை நினைவுச்சின்னத்துக்குள் சகிப்புத்தன்மைக்கான நினைவுச்சின்னம் அமைக்க எதிர்ப்பு எழுந்தது.’ ஏதோ ஒருவருடைய நினைவிடத்தை இன்னொன்றாக மாற்றப் பார்த்தார்கள்போல என்று படிக்கத் தோன்றுகிறது, தொடாமல் விட வேண்டிய மலைக்கும் அதற்குள் மனிதர் எழுப்ப நினைத்த படைப்புக்கும் இடையிலான மோதல் அந்த வரியில் தெரியவே இல்லை. போதாக்குறைக்குத் திண்டாயாவுக்குச் சற்றுத் தள்ளி, கேமாதா மலையடியில், 1924இல் அந்தத் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட எழுத்தாளர் மிகெல் தெ உனாமுனோவுக்குச் சிலை இருக்கிறது. நினைவுச்சின்னம் என்றால் அதுதான் நினைவுச்சின்னம். இந்த மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கட்டுரை எழுத?

மற்ற பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘நினைவு’ என்பதை எடுத்துவிட்டு இயற்கைச் சின்னம் என்றால் போதுமே?

போதாது. சின்னம் என்றதும் தேர்தலும் அரசு முத்திரையும் வந்து நிற்கும். ‘தமிழ்நாட்டின் இயற்கைச் சின்னங்கள்’ என்று ஒரு தலைப்பு போட்டால் வரையாடு, பனைமரம், செங்காந்தள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள்.

> இயற்கை அரும்பொருள்?

காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. பொருள் என்பது எடுத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக்கூடியது, விலை பேசக்கூடியது. திண்டாயாவைப் பொருளாகப் பார்த்தவர்கள் குவாரிக்காரர்கள். அந்தப் பார்வையை நாம் பெயரிலேயே ஏற்றிவைக்க வேண்டாம்.

> எங்கட பக்கம் முதுசொம் எண்டு சொல்லுவம். இயற்கை முதுசொம் எண்டு வைச்சால் என்ன, அண்ணை?

தங்கச்சி, இந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் சொத்து என்ற அழுத்தம் வேறு எந்தச் சொல்லிலும் இல்லை. ஆனால் ஒரு இடைஞ்சல். திண்டாயாவில் காவல் இரண்டு அடுக்காக இருக்கிறது: மலைக்கு இயற்கைச் சட்டத்தின் காவல், உச்சியில் உள்ள பாதக்கீறல்களுக்கு ஸ்பெயினின் 1985 பண்பாட்டுச் சட்டத்தின் காவல், பாறைக்கலை உள்ள இடங்கள் எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டம் தானாகவே தரும் காவல் அது. முதுசொம் இரண்டாவது அடுக்குக்கு அப்படியே பொருந்துகிறது. முன்னோர் கையால் ஆனது, நமக்கு வந்தது. அதை மலைக்கு வைத்துவிட்டால் கீறல்களுக்குச் சொல் இல்லாமல் போகும். பண்பாட்டு முதுசொம் என்று அங்கே வைத்துக்கொள்வோம், சம்மதமா?

‘தலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த பிறகு அந்தச் சொல் நன்றாகவே பரவிவிட்டது, அங்கே சரியாகவும் இருக்கிறது, ஏனென்றால் அது ஒரு பரப்பு. இந்த வகையில் ஒற்றை மரமும் வரும். மரத்தைத் தலம் என்க முடியாது.

சரி, என் பரிந்துரை: இயற்கைக் காப்புரு. காப்பு, உரு, அவ்வளவுதான். பன்மை காப்புருக்கள், வேற்றுமையில் காப்புருவை, காப்புருவுக்கு. நிலவுருவம் ஏற்கெனவே புவியியலில் இருப்பதால் உரு புதிதில்லை. மலை, குகை, அருவி, மரம் எதுவானாலும் ஒரு உரு உண்டு. காப்பு என்பதில் காவல் மட்டும் இல்லாமல் கட்டுப்பாடும் சேர்ந்தே வருகிறது. ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் இன்னின்னது செய்யக்கூடாது என்று ஊரே ஒடுங்கி நடக்குமே, அதுபோல. திண்டாயாவில் இன்று அனுமதியில்லாமல் உச்சி ஏற முடியாது, கீறல்மேல் கால் படக்கூடாது என்பதற்காக.

‘காப்புரிமை என்று தவறாகப் படிப்பார்களே’ என்று தனிமடலில் ஒரு நண்பர் கேட்டார். முதல் தடவை படிக்கலாம். ‘இயற்கை’ முன்னால் நிற்கும்வரை அந்தக் குழப்பம் வரியைத் தாண்டாது.

மரத்தில் வைத்தும் பார்த்தேன். ‘இயற்கையின் மொனுமெந்து’ என்ற எண்ணத்தை எழுத்தில் பரப்பியவர் அலெக்சாந்தர் ஃபோன் ஹம்போல்ட். 1800இல் வெனிசுவேலாவில் அவர் கண்டு வியந்த ஒரு பெருமரம் அதற்குக் காரணம். நம் சாலையோரங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் இனமேதான் அது. ‘அந்தத் தூங்குமூஞ்சி மரம் ஒரு இயற்கைக் காப்புரு’ என்றால் புரிகிறது. ‘இயற்கை நினைவுச்சின்னம்’ என்றால் யாரோ இறந்துபோய் அவர் நினைவாக நட்டதுபோல ஆகிவிடுகிறது.

நம் பக்கத்திலும் இதற்கு வேலை இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை ‘தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்கள்’ என்று அறிவித்த இடங்களில் திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்களும் பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறையும் உண்டு. அந்தப் பாறைக்குப் பெயர் வந்தது கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லிலிருந்து. அந்தக் கல்லறையும் நினைவுச்சின்னம், பரங்கிமலைப் பாறையும் நினைவுச்சின்னம் என்று எழுதினால் மாணவருக்கு எப்படி விளங்கும்? ‘புவியியல் காப்புரு’ என்றால் இரண்டும் பிரிந்துவிடும்.

ஒரு விலக்கு. அமெரிக்காவின் ‘தேசிய நினைவுச்சின்னம்’ என்ற வகையில் சுதந்திர தேவி சிலையும் இருக்கிறது, மலையும் இருக்கிறது. அங்கே நினைவுச்சின்னம் என்றே விட்டுவிடலாம், அது வேறு சட்டம், வேறு வகை.

பட்டியலுக்கு நான் எழுதிவைத்திருக்கும் பதிவு இது, திருத்துங்கள்:

இயற்கைக் காப்புரு: தனித்தன்மை, அருமை அல்லது அழகு காரணமாகச் சட்டத்தால் காக்கப்படும் தனி இயற்கை அமைப்பு. மலை, குகை, அருவி, பாறை, மரம் முதலியன. எ.கா. திண்டாயா மலை, ஃபுவெர்தெவெந்தூரா.

மாற்றுச்சொல் தருகிறவர்கள் அதை ஒரு மலை, ஒரு குகை, ஒரு மரம் மூன்றிலும் வாக்கியமாக எழுதிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பாடநூல் பணியில் இருக்கும் அக்கா இந்த இழையில் இருக்கிறீர்கள் என்று தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வாயில் இந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று உங்கள் வகுப்பில் கேட்டுச் சொன்னால் அதன் பிறகே பட்டியலில் ஏற்றலாம்.